பதினேழாம் கிணறு

ஒரூரோவில் காற்று மெலிசு.
கடல்மட்டத்துக்காகச் செய்த விசிறி
இங்கே இரண்டு மடங்கு கத்தி
அரைகுறையாகக் குளிர்விக்கும்.
மேசைக்கடியில் அந்த இரைச்சல்.
மூன்று வாரமாக அதைக் கேட்டுக்கொண்டே
எதை நிறுவுவதென்று யோசித்தேன்.

பழைய மென்பொருளின் உரிமம்
ஜூலையோடு முடிந்திருந்தது.
மறுநாள் காலை ஏரி திறக்கவில்லை.
கோப்பு இருந்தது, பெயர் இருந்தது,
நாற்பது ஆண்டுக் கரைக்கோடுகள் அத்தனையும்
பணம் கட்டு என்ற சின்னப் பெட்டிக்குப் பின்னால்.
அந்தத் தொகைக்கு நாலு பம்பு வாங்கலாம் என்று
கணக்கர் சபீனோ எழுதிக் காட்டினார்.
பம்பு என்பதை மட்டும் அடிக்கோடிட்டார்.

ஆக, திறந்த மூலம். சரி.
அதில் எது என்பதுதான் வழக்கு.

லா பாஸிலிருந்து வந்திருந்த எவெலின்
பென்டிரைவைச் சாவி மாதிரி கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள்.
"டெபியனா? அது அருங்காட்சியகம்.
தினமும் புதுசாகிற தளம்தான் உயிரோடிருக்கும்"
என்று ஆர்ச்சை ஏற்றித் தந்தாள்.
பொய் சொல்லக்கூடாது, பறந்தது.
இங்கே தண்ணீர் எண்பத்தேழு டிகிரியிலேயே கொதித்துவிடும்;
அதற்கும் முன்னால் செயற்கைக்கோள் படம் திறந்தது.
பூட்டிக்கிடந்த ஏரியும் திறந்தது,
இளஞ்சிவப்பில்.
(நிறத்தைச் செயலி தானே தேர்ந்தெடுக்குமாம்.)
நான் நீலமாக்கினேன்.

ஒரு வியாழன் இரவு புதுப்பிப்பு ஓடியது.
பழைய அளவைக்கும் புதிய அளவைக்கும் நடுவே இருந்த
ஒரு திருத்தம் காணாமல் போனது.
சிவப்பு எழுத்தில்லை, எச்சரிக்கை மணியில்லை.
ஐம்பதுகளில் அளந்த கிணறுகளெல்லாம்
நானூறு மீட்டர் சத்தமில்லாமல் நடந்தன.
அச்சடித்து, ரெமிஹியோவின் வண்டியில் அனுப்பினேன்.

திங்கட்கிழமை
நாலு பெண்கள், இரண்டு ஆண்கள்,
வாசலோடு நின்றுவிட்ட ஒரு நாய்.
நிகோலாசா வரைபடத்தை என் விசைப்பலகைமேல் விரித்து
கல்வேலிக்கு அந்தப்பக்கம் விரல் வைத்தாள்.
பதினேழாம் கிணறு
தோலாபம்பாக்காரர்களின் நிலத்தில் இருந்தது.
அவர்கள் கையிலும் இதே படத்தின் பிரதி.

"கிணறு நடந்ததா, வேலி நடந்ததா?"

"பெட்டி நடத்திவிட்டது" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

அன்றிரவு மந்தமானதைத் தேடினேன்.
இரண்டு வருடம் பழசான பொதிகள்,
எவெலினுக்குப் பிடித்த பாதிப் பட்டன்கள் கிடையாது,
ஆனால் நேற்று சொன்னதையே இன்றும் சொல்லும்.
டெபியனை ஏற்றி முடிக்க விடிந்தது.
காலால் நடந்து நானே அளந்த மூன்று இடங்களை வைத்துப் பார்த்தேன்:
ரயிலடிக் குறி, தேவாலயப் படி,
உப்புக்கு நடுவில் தனியாக நிற்கும் சிமெண்டுத் தூண்.
மூன்றும் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தன.
அந்த ஒரு நூலகத்தை மட்டும்
இனி நீ அசையக்கூடாது என்று பூட்டிவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எவெலின் வந்தாள்.
பழைய வட்டில் பத்து நிமிடம் துழாவினாள்.
"தளத்தின்மேல் தப்பில்லை.
திருத்தக் கோப்பு தனிப் பொதிக்குப் போயிருக்கிறது,
நீ அதை நிறுவவில்லை."
நிஜம்தான்.
அறிவிப்பு வந்திருந்தது, நான் படிக்கவில்லை.

தெரிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை.
ஆறு பேர் எதிரே நிற்கும்போது
வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

புதுப் பிரதியை நானே கொண்டுபோனேன்.
இரண்டு ஊருக்கும், ஒரே நாளில்.
நிகோலாசா கிணற்றைப் பார்த்தாள், தலையசைத்தாள்.
விரல் அப்படியே தெற்கே நகர்ந்தது.

"இந்த நீலம்?"

"எண்பத்தாறில் கரை இருந்த இடம்."

"அப்படியானால் வருஷத்தைப் பெரிசாக எழுது.
மீன் இருக்கிறதென்று நம்பி
எவனாவது வலையோடு வந்து நிற்கப்போகிறான்."

எழுத்தின் அளவு எட்டாக இருந்தது.
பதினெட்டாக்கினேன்.